றோசாத் தகரங்கள்

சாய்ந்தமருதில் மாட்டுவண்டியில் வீட்டுச் சாமான் போவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. மீராசாஹிபு ஓவசியரின் வண்டி போனபோது மட்டும் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டியில் கட்டிலும் இல்லை, பெட்டகமும் இல்லை. மேல்மூடி வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரங்களில் றோசாச் செடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சில பூத்திருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் இதழ்கள் உதிர்ந்து மணலில் விழுந்தன. ஓவசியர் வண்டியில் ஏறவில்லை. விளிம்பில் நின்ற தகரம் ஒன்றை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி பின்னாலேயே நடந்து வந்தார்.

"என்ன ஓவசியர், பூக்கடை போடப் போறீங்களா?" என்று தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஓம் ஓம், முதல் மாலை ஒங்களுக்குத்தான்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஓவசியரும் சிரித்தார். கடையைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருக்க அவரால் முடியவில்லை.

இளைய மகள் றபீக்காவின் வீட்டிலிருந்து மூத்த மகள் ஜெமீலாவின் வீட்டுக்கு அவர் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வீடும் அவர் கட்டியவைதான். பொதுவேலைப் பகுதியில் ஓவசியராக மலைநாட்டு ரோடுகளில் வெயிலிலும் பனியிலும் நின்று உழைத்ததெல்லாம் அந்தச் சுவர்களாகத்தான் எழும்பி நின்றது. ஆனால் அந்தக் கிழக்குக் கரை ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மனைவி ஹப்ஸா உயிரோடு இருந்த வரையில் இது ஒரு குறையாக அவருக்குத் தோன்றியதே இல்லை. ஹப்ஸா எந்த அறையில் இருந்தாளோ அதுதான் அவருடைய வீடு. ஒரு மாரி காலத்துக் காய்ச்சலில் அவள் மௌத்தாகிப் போனாள். அதன் பிறகுதான், தான் கட்டிய வீட்டிலேயே தான் ஒரு விருந்தாளி என்பது அவருக்கு விளங்கத் தொடங்கியது.

றபீக்காவின் மாப்பிள்ளை நல்ல பிள்ளை. புடவை வியாபாரம் கொஞ்சம் பெருத்ததால் வீட்டு வளவில் ஒரு அறை கட்ட வேண்டியிருந்தது. றோசாக்கள் நின்ற இடம்தான் அதற்குத் தோதான இடம். "மாமா, நீங்க சொன்னா விட்டிருவன்" என்று அவன் சொன்னான். அப்படிக் கேட்டவனிடம் எப்படி மாட்டேன் என்பது? ஓவசியர் ஒவ்வொரு செடியாக வேரோடு மண் உதிராமல் தோண்டித் தகரத்தில் வைத்தார். இனி எந்த மண்ணிலும் வைப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்திருந்தார். தகரத்தில் இருந்தால் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த வளவில் தகரங்களுக்கும் இடம் மிஞ்சாததால் மூத்தவளிடம் கிளம்பினார்.

அந்தச் செடிகளில் பெரும்பாலானவை மலைநாட்டிலிருந்து வந்தவை. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களுக்கு முன்னால் ரோடு போட்ட நாட்களில், கவாத்து வெட்டி எறிந்த தடிகளையும் ஒன்றிரண்டு ஒட்டுச் செடிகளையும் தோட்டக்காரர்களிடம் கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டு வந்தார். எதன் பேரும் அவருக்குத் தெரியாது. பேர் வைத்தது ஹப்ஸாதான். பெரிய பூவாகப் பூத்து, மணமே இல்லாமல், இளஞ்சிவப்பாக நிமிர்ந்து நிற்கும் ஒன்றுக்குத் துரைசானி என்று வைத்தாள். தந்த நிறத்தில் கட்டுக்குலையாமல் இருந்ததற்குப் பால்சோறு. பெரிய மனிதர்கள் தலையில் வைக்கும் துருக்கித்தொப்பியின் கருஞ்சிவப்பில் பூத்ததற்குத் துருக்கித்தொப்பி. எங்கும் கிடைக்கிற, காலையில் பூத்து மதியத்தில் கொட்டிவிடுகிற நாட்டு றோசாவைச் சீதேவி என்றாள். "ஒரு சோலியும் தராம ஊரெல்லாம் மணக்குதே, வேற என்ன பேர் வெக்கிற?" என்பது அவளுடைய நியாயம்.

விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து ஓவசியர் ஒவ்வொன்றிலும் ஒரு பூப் பறித்துக் கண்ணாடிக் கிளாசுகளில் வரிசையாக வைப்பார். ஹப்ஸா கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்தே எது எது என்று சொல்வாள். எது மதியம் வரை வாடவில்லை, எது வெயிலில் ஓரம் கருகியது, எது மழையில் மொட்டாகவே அழுகியது என்று இருவரும் வாதாடுவார்கள். துருக்கித்தொப்பிக்கு ஈடில்லை என்பது அவருடைய கட்சி. அவள் கடைசி வரைக்கும் சீதேவியின் பக்கம்தான் நின்றாள்.

*

ஜெமீலாவின் வீடு கடற்கரைக்குக் கிட்ட. அவளுடைய மாப்பிள்ளை ஷரிபுதீனுக்குச் சொந்தமாகக் கரைவலையும் தோணியும் இருந்தன. வளவு நிறைய வலை, கயிறு, மிதப்புக்கட்டை, கருவாடு காயும் பாய். வருகிறவர் போகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஜெமீலா வாப்பாவுக்கென்று தெருப்பக்கத்துச் சின்ன அறையை ஒதுக்கினாள். தகரங்களை மேற்கு வேலி ஓரமாக வைக்க இடம் விட்டாள்.

கடற்காற்று றோசாவுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு ஆகாது என்பதை அங்கேதான் பார்த்தார். காலையில் இலைகளைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டியது. கிணற்றுத் தண்ணீரும் உவர். துரைசானியின் இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பாகி, தீய்ந்த கடுதாசி போலச் சுருண்டன. துருக்கித்தொப்பி பூத்தது, ஆனால் பாதிப் பருமனில். பால்சோறு ஒரு மாதிரிச் சமாளித்தது. சீதேவிக்கு மட்டும் ஒன்றுமே நடக்கவில்லை. உப்பைக் குடித்துக்கொண்டு அது முன்னைவிட அதிகமாகப் பூத்தது. ஹப்ஸா இருந்திருந்தால் இந்நேரம் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள் என்று நினைத்தார்.

பள்ளிவாசல் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வந்து, இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவினார். கடற்காற்று வரும் பக்கத்துக்குத் தென்னங்கிடுகு மறைப்புக் கட்டினார். காலையில் பழக்கத்தின்படி பூப் பறித்துக் கிளாசுகளில் வைத்தார். வைத்துவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜெமீலா தேத்தண்ணி கொண்டு வந்தபோது, "இதை மணந்து பாருங்க மகள்" என்று ஒன்றை நீட்டினார்.

அவள் மணந்தாள். "நல்ல மணம் வாப்பா."

"இது?"

"இதுவும் நல்ல மணம்தான். வாப்பா, அடுப்பில புட்டு இரிக்கி, வரட்டா?"

"போங்க மகள், போங்க."

அவளில் பிழை இல்லை. மீன்காரருக்குச் சோறாக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கருவாட்டைக் காகத்துக்குக் காவல் காத்து அவளுக்குப் பொழுது போதாது. ஆனாலும் அவள் போன பிறகு அந்தக் கிளாசுகளைப் பார்க்க அவருக்குப் பிடிக்காமல் போனது. பூக்களை எடுத்து வேலிக்கு அப்பால் போட்டுவிட்டுத் தண்ணீரைச் செடிக்கே ஊற்றினார்.

சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போவார். அங்கே கதிர்காமத்தம்பி இருந்தார். மலைநாட்டில் பண்டாரவளை அரசாங்கக் கந்தோரில் அவரோடு எழுதுவினைஞராக வேலை செய்தவர். இப்போது பென்சன் எடுத்து வயல் பார்க்கிறார். அவர் வீட்டு முற்றத்திலும் இரண்டு மூன்று றோசா நின்றது. பிடுங்கிப் போடாததால் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். வகை பிரித்துப் பார்க்கிற பொறுமை கதிர்காமத்தம்பிக்கு இல்லை. ஆனால் ஓவசியர் கைக்குட்டைக்குள் வைத்துக் கொண்டுபோகும் பூவை மேசையில் வைத்துவிட்டு, இருவரும் மலைநாட்டுப் பனியைப் பற்றியும், செத்துப்போன எஞ்சினியரைப் பற்றியும் கதைப்பார்கள். எழும்பி வரும்போது ஓவசியருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கும். சாய்ந்தமருது எல்லையைத் தாண்டுவதற்குள் அது பழையபடி கனத்துவிடும்.

அந்த வருஷம் மீன் நல்லாப் பட்டது. வலை இழுக்கிற ஆட்கள் வளவு முழுக்க நின்று மீன் வெட்டி உப்புப் போட்டார்கள். இடம் போதாமல் தகரங்களுக்கு நடுவிலும் குந்தினார்கள். யாரோ ஒருவன் மீன் ஊறிய உப்புத்தண்ணியை வழமைபோல வேலி ஓரம் சரித்துவிட்டான். அது துரைசானியின் தகரத்துக்குள்ளும் போனது. ஓவசியர் பள்ளிவாசலிலிருந்து வந்து பார்த்தபோது மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினார், மண்ணை மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு கிழமைக்குள் தண்டு கறுத்துவிட்டது.

ஷரிபுதீன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "மாமா, அவனுகளுக்கு ஏசிப் போட்டன். தெரியாமச் செஞ்சிட்டானுகள்."

"ஏன் ஏசின மகன்? மீன் வெட்டுற இடத்தில செடியை வெச்சது நான்தானே" என்றார் ஓவசியர்.

அவர் கோபித்துச் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் ஷரிபுதீனைச் சுட்டது. அன்று பின்னேரமே புருஷனும் பெண்சாதியும் அடுப்படியில் குசுகுசுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஜெமீலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"மருதமுனையில ஒரு மனிசி இரிக்கா. நபீஸா என்டு பேர். புருஷன் மௌத்தாகிக் கனகாலம். புள்ள குட்டி இல்ல. தறி போட்டு நெய்றா. நல்ல குணம் என்டு மரைக்கார் சொல்றாரு."

ஓவசியர் மகளையே பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. தன்னை அனுப்பிவிடப் பார்க்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, தன் வாப்பாவுக்கு ஒரு வீடு தேடுகிறாள் என்றும் தோன்றியது. இரண்டும் மெய்தான் என்று அவருக்குப் பட்டது.

"மனிசியைப் பாத்துக் கதைச்சுத்தான் சொல்லுவன்" என்றார்.

*

மருதமுனையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம்தான். நபீஸாவின் வளவு சின்னது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கிடுகுக் கொட்டிலில் தறிகள். நடுவிலே கிடந்த முற்றத்தில் கஞ்சி போட்ட பாவு நூலை ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் வரைக்கும் நீட்டிக் கட்டிக் காயவைத்திருந்தார்கள். வெயிலில் நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. மரைக்காரும் ஓவசியரும் குனிந்து அதன் கீழாகத்தான் வீட்டுக்குள் போனார்கள்.

நபீஸா கதவு மறைவில் நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதைத்தாள். குரலில் தயக்கம் இல்லை.

"ஒளிச்சுக் கதைக்க எனக்குத் தெரியா. எனக்கு வீட்டில ஒரு ஆம்புளத் துணை வேணும். தனியக் கிடந்து அலுத்துப் போய்த்து. ஒங்களுக்கு ஒரு வீடு வேணும். இதில வெக்கப்பட ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லதான்" என்றார் ஓவசியர். அவளை அவருக்குப் பிடித்துவிட்டது.

"ஆனா ஒண்டு. நீங்க றோசாச் செடி கனக்க வெச்சிரிக்கீங்களாம் என்டு கேள்விப்பட்டன்."

"ஓம்."

"இந்த முத்தத்தைப் பாத்தீங்கதானே. பாவு நீட்டுற இடம் இது மட்டும்தான். காத்தடிச்சா நூல் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும். ஒரு முள்ளில மாட்டினாப் போதும், நூல் அறுந்திரும். அறுந்த நூலைத் தேடிப் புணைக்க எனக்கு ஒரு நாள் போயிரும். கோவிக்காதீங்க. முள்ளுச் செடி இஞ்ச ஏலா."

மரைக்கார் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். ஓவசியர் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. "முள்ளில்லாத றோசா ஒண்டு இருந்தா?" என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "முள்ளில்லாத றோசாவா? இருந்தாக் கொண்டாங்க, பாப்பம்."

அன்று பின்னேரம் கடற்கரை வீட்டில் ஓவசியர் தகரங்களுக்கு நடுவே குந்தி, இத்தனை வருஷமாக ஒரு நாளும் பார்க்காத கண்ணோடு செடிகளைப் பார்த்தார். பூவை ஒப்பிட்டிருக்கிறார், மணத்தை ஒப்பிட்டிருக்கிறார், இலையை ஒப்பிட்டிருக்கிறார். முள்ளை ஒப்பிட்டதில்லை. துருக்கித்தொப்பியின் முள் பருத்து, பூனை நகம்போலக் கீழ்ப்பக்கம் வளைந்திருந்தது. பால்சோற்றுக்கு முள் குறைவு, ஆனால் தைத்தால் ஒடிந்து உள்ளேயே நிற்கும். ஹப்ஸாவின் செல்லமான சீதேவிதான் எல்லாவற்றிலும் மோசம். தண்டு முழுக்க மயிர்போல முள் அடர்ந்து, விரல் வைக்க ஒரு இடம் இல்லை. "ஒரு சோலியும் தராது" என்றாளே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வேலி மூலையில் ஒரு தகரத்தில் கொடி ஒன்று நின்றது. மலைநாட்டில் ஊவாப் பக்கத்தில் ஒரு பங்களாவின் வாசலை மூடிப் படர்ந்திருந்த கொடி. அங்கே சின்னச் சின்ன மஞ்சள் பூவாகக் குலை குலையாகப் பூத்ததைக் கண்டு ஆசைப்பட்டுத்தான் தடி வாங்கி வந்தார். கடற்கரை வெக்கையில் அது ஒரு தடவைகூடப் பூக்கவில்லை. இலை மட்டும் தழைத்தது. அதற்குக் குளிர் வேண்டும் என்று பிற்பாடுதான் அவருக்குப் புரிந்தது. பூக்காததால் ஹப்ஸாவும் அதற்குப் பேர் வைக்கவில்லை. ஓவசியர் அதன் தண்டை அடியிலிருந்து நுனிவரை கையால் உருவினார். வழவழவென்று போனது. ஒரு முள் இல்லை.

 அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் எழுந்தார். உள்ளே போய் ஜெமீலாவிடம், "மரைக்காருக்கு ஓம் என்டு சொல்லச் சொல்லுங்க மகள்" என்றார்.

*

மற்றத் தகரங்களைக் கதிர்காமத்தம்பி ஏற்றுக்கொண்டார். வண்டி வந்து நின்றபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறக்கினார்.

"எனக்கு இதில ஒண்டும் தெரியாது ஓவசியர். எப்ப தண்ணி, எப்ப எரு, எல்லாம் சொல்லித் தாங்க. மறுகா செத்துப் போனா என்னைக் குறை சொல்லப்படாது."

"நான் சனிக்கிழமை சனிக்கிழமை வருவன்தானே."

"வராம விட்டிடாதீங்க. புது மாப்பிள்ளை!"

இருவரும் சிரித்தார்கள். துருக்கித்தொப்பியைக் கிணற்றடி நிழலில் வைத்துவிட்டு ஓவசியர் சைக்கிளில் ஏறினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். கதிர்காமத்தம்பி வாசல் கடப்படியில் நின்று கை காட்டினார்.

காவின் எழுதிக் கலியாணம் எளிமையாக நடந்தது. மருதமுனையில் ஓவசியருக்கு ஒரு கட்டில், ஒரு அலுமாரி, சூடான சோறு, கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிசி எல்லாம் இருந்தன. நபீஸா நல்லவள்தான். ஆனால் விடிந்தால் தறி, இருட்டினால் ராட்டை. கதைத்தால் நூலைப் பற்றி, சாயத்தைப் பற்றி, கொழும்புக்குப் போன புடவையைப் பற்றி. நெய்ய வரும் பெண்களுக்கு அவர் "ஓவசியர் மாமா". மரியாதைக்கு எழுந்து நிற்பார்கள். பிறகு குனிந்து தறியை ஓட்டுவார்கள். தறிச் சத்தம் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. அந்தச் சத்தத்தின் நடுவில், பெருநாள் கூட்டத்தில் யாரையும் தெரியாதவன்போல, அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முள்ளில்லாத கொடி கொட்டிலின் ஓரத்தில் வேரூன்றி, கிடுகுக் கூரையில் ஏறிப் படர்ந்தது. அதைத் தகரத்தை விட்டு மண்ணில் வைக்கச் சொன்னது நபீஸாதான். "கொட்டிலுக்குக் குளிர்ச்சியா இரிக்கி. எப்ப பூக்கும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இஞ்ச பூக்காது."

"பூக்காததுக்கா இப்படித் தண்ணி ஊத்துறீங்க?" என்று அவள் வியந்தாள். பதிலுக்கு நிற்காமல் சாயப் பானையைக் கிளறப் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவர் காரைதீவிலிருந்து துருக்கித்தொப்பிப் பூ ஒன்றைக் கொண்டு வந்து, கிளாசில் போட்டுக் கொட்டிலுக்குள் வைத்தார். நபீஸா தறியிலிருந்து எழும்பி வந்து, தான் சாயம் போட்ட சிவப்பு நூற்கழியொன்றை அதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"ரெண்டும் சிவப்புத்தான். ஆனா ஒங்கட பூவுக்குள்ள ஊதா ஓடுது. என்ட நூலுக்குள்ள மஞ்சள் ஓடுது. பாத்தீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். மெய்தான். இத்தனை வருஷம் அந்தப் பூவை வைத்துக்கொண்டு வாதாடியும், அதற்குள்ளே ஊதா ஓடுவதை அவர் கண்டதில்லை. ஹப்ஸாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பழக்கத்தில் ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. நபீஸா அதற்குள் தறிக்குத் திரும்பிவிட்டாள்.

*

ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில் பெய்த மழையை அந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். மேற்கே குளங்கள் உடைத்துக்கொண்டன. வயல் எது, ஆறு எது என்று தெரியாமல் தண்ணீர் ஊருக்குள் வந்தது. நபீஸாவின் குழித்தறிகளுக்குள் தண்ணீர் நிரம்பியது. ஓவசியர் முட்டுக்கால் தண்ணீரில் நின்று, ரோட்டுவேலை செய்த பழக்கத்தில் மண்மூட்டை அடுக்கி அணை கட்டினார். நபீஸா வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினாள். நூற்கழிகளை முகட்டில் ஏற்றினார்கள். அந்த நாட்களில் இருவரும் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் அவர் நனைந்து நடுங்கியபோதெல்லாம் கையில் சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி வந்தது.

ரோடு அறுந்து கிடந்ததால் காரைதீவுக்குப் போக வழியில்லை. தண்ணீர் வடிந்து ஆட்கள் நடமாடத் தொடங்கியதும் ஓவசியர் பாதி சைக்கிளிலும் பாதி நடையிலுமாகப் போய்ச் சேர்ந்தார். கதிர்காமத்தம்பியின் வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்குச் சேற்றுக் கோடு கிடந்தது. கிணற்றடியில் தகரங்கள் கவிழ்ந்து, சேற்றில் புதைந்து கிடந்தன. சில தகரங்களைக் காணவே இல்லை. பால்சோறு அழுகி நாறியது. சீதேவி நின்ற இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது. துருக்கித்தொப்பியின் தகரத்தில் கறுத்த கட்டை ஒன்று மட்டும் நின்றது.

கதிர்காமத்தம்பி அவர் முகத்தைப் பார்க்கவே கூசினார். "பொஞ்சாதி புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனன். மறுகா மாட்டை அவிழ்த்து விட்டன். ஒங்கட பூவை நான் நினைக்கவே இல்லை ஓவசியர். தண்ணி வடிஞ்ச பிறகுதான் நினைச்சன்."

"நினைச்சிருந்தா நான்தான் ஒங்களோட கோவிச்சிருப்பன்" என்றார் ஓவசியர். "புள்ளைகள் சுகமா இரிக்காங்களே, அதைச் சொல்லுங்க."

அவர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. திரும்பி வரும்போது சாய்ந்தமருதில் மகள் வீட்டுக்கும் போகவில்லை. நபீஸா கேட்டபோது, "எல்லாம் போய்த்து" என்று மட்டும் சொன்னார்.  அவள் அவருக்குச் சோறு போட்டு, எதிரிலே உட்கார்ந்து அவர் தின்று முடியும்வரை எழும்பாமல் இருந்தாள். அது அவளுக்கு வழமை இல்லை.

தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் காரைதீவிலிருந்து குணம் என்ற வண்டிக்காரன் ஒரு சேதி கொண்டு வந்தான். கதிர்காமத்தம்பி ஐயா உடனே வரச் சொன்னாராம், நல்ல சேதியாம். ஓவசியர் அன்றைக்கே போனார்.

கதிர்காமத்தம்பி கடப்படிக்கே ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். துருக்கித்தொப்பியின் தகரத்தைச் சுற்றிக் கோழி கிளறாமல் கம்பு நட்டு வலை கட்டியிருந்தார். கறுத்த கட்டையின் அடியிலிருந்து பச்சைத் தளிர் ஒன்று முழ நீளத்துக்கு எழும்பி நின்றது.

"பாருங்க! சாகல்ல ஓவசியர், சாகல்ல! நான் ஒவ்வொரு நாளும் விடிய வந்து பாப்பன். ஒரு நாள் சின்ன மூக்குப்போல வெளிய வந்துது. பொஞ்சாதியைக் கூப்பிட்டுக் காட்டினன். ஒங்கட சிவப்புப் பூவைச் சாக விடல்ல நான்!" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஓவசியர் குந்தி அந்தத் தளிரைப் பார்த்தார். இலைகள் சிறுத்து, வெளிறிய பச்சையாக, காம்புக்கு ஏழு ஏழாக இருந்தன. துருக்கித்தொப்பியின் இலை ஐந்து ஐந்தாக, கரும்பச்சையாக, தடித்திருக்கும். அந்தச் செடி தானாக வேர்விட்டதல்ல. பண்டாரவளைத் தோட்டக்காரன் ஒருவன் காட்டு றோசாவின் வேர்த்தண்டில் அதன் மொட்டைப் பதித்து ஒட்டிக் கொடுத்தது. ஒட்டிய இடத்துக்கு மேலே இருந்ததெல்லாம் வெள்ளத்தில் செத்துவிட்டது. கீழே இருந்த காட்டு வேர்தான் இப்போது தளிர்விட்டு நின்றது. இதில் இனி எந்தக் காலத்திலும் அந்தச் சிவப்புப் பூ பூக்காது.

அவருக்குத் தெரிந்தது கதிர்காமத்தம்பிக்குத் தெரியவில்லை. இந்த ஊர்களில் வேறு யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒருத்தி சாய்ந்தமருது மையவாடியில் அடங்கிக் கிடந்தாள். அவர் இலையை விரலால் தடவினார். பக்கத்தில் கதிர்காமத்தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஓவசியர். "நல்லா வந்திரிக்கி. தண்ணி அளவா ஊத்துங்க. எரு இப்ப வேணாம்."

"அப்ப புழைச்சிட்டுது?"

"ஓம். புழைச்சிட்டுது."

அன்று கதிர்காமத்தம்பியின் வீட்டில் பலகாரமும் கோப்பியும் கிடைத்தன. அவர் பெண்சாதியும் வந்து செடியின் கதையை முதலிலிருந்து சொன்னாள். ஓவசியர் எல்லாவற்றையும் கேட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு எழும்பினார்.

மருதமுனைக்கு வந்து சேர பின்னேர அஸர்த் தொழுகை கழிந்துவிட்டது. கொட்டிலில் மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். நபீஸா மட்டும் தறியில் இருந்தாள். அவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். ஒட்டு என்றால் என்ன, காட்டு வேர் என்றால் என்ன, இலையை எப்படிப் பார்ப்பது, கதிர்காமத்தம்பி வலை கட்டியது, அவர் கண் கலங்கியது எல்லாம் சொன்னார். நபீஸா ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவருக்குச் சொன்னீங்களா?"

"சொல்ல வாய் வரல்ல."

"நல்ல காரியம். பாவம் அந்த மனிசன்." சற்று யோசித்தாள். "பூத்தா அவருக்குத் தெரிஞ்சிருமே?"

"ஓம். பூத்தாத் தெரிஞ்சிரும்."

"என்ன நிறத்தில பூக்கும்?"

ஓவசியர் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மலைநாட்டில் ரோட்டோர வேலிகளில் கண்ட காட்டு றோசாக்களை மனத்துக்குள் தேடினார். "வெள்ளையாத்தான் இருக்கும். சின்னது. அஞ்சு இதழ்தான். மணம் இருக்குமோ தெரியா. நான் அதை ஒரு நாளும் குனிஞ்சு பாத்ததில்ல."

"அப்ப பூத்தா ஒண்டு கொண்டாங்க" என்றாள் நபீஸா. "பாப்பம்."

அவள் தறியை மறுபடி ஓட்டத் தொடங்கினாள். ஓவசியர் எழும்பி வீட்டுக்குள் போகவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் கிட்ட நகர்த்திப் போட்டு, வெளிச்சம் குறைந்துவரும் கொட்டிலுக்குள் உட்கார்ந்து, நாடா போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.